வக்கீலுக்குத் துணை யார்

ஆடுகள் இவ்வளவு ஒற்றுமையாக இருக்க முடியாது என்ற சந்தேகம்தான் என்னைப் பாகூருக்கு இழுத்துக்கொண்டு போனது. மனிதர்களிடம் இல்லாத ஒற்றுமை ஆடுகளிடம் இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் எனக்குச் சம்பளம் கொடுப்பது சந்தோஷப்படுவதற்கு அல்ல, கணக்குப் பார்ப்பதற்கு.

டென்மார்க்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. எந்த மிருகம் எதனோடு சேர்ந்து திரிகிறது, எது யாரை விட்டு ஒதுங்கி நிற்கிறது என்று கோடு கோடாக வலை போட்டுப் பார்ப்போம். மிருகங்களை நான் பார்ப்பதே இல்லை. யாரோ எங்கோ வெயிலில் நின்று பார்த்து அனுப்புவார்கள். வருவதில் பாதி இருக்காது. கருவி நின்றுபோயிருக்கும், மழை பெய்திருக்கும், பார்க்கப் போனவருக்குக் காய்ச்சல் வந்திருக்கும். அந்த ஓட்டைகளை அடைப்பதுதான் என் பிழைப்பு. எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இரண்டு ஆடுகள் சேர்ந்து நின்றிருந்தால் ஒன்பது மணிக்கும் சேர்ந்துதான் நின்றிருக்கும் என்று சொல்லப் பெரிய பெரிய சூத்திரங்கள் வைத்திருக்கிறோம். கோயம்புத்தூரில் நான் கல்லூரிக்குப் போன காலத்தில் என் அம்மா ஒரு சூத்திரமும் இல்லாமல் இதையே செய்தார். நான் கிளம்பிய நேரமும் வீடு திரும்பிய நேரமும் தெரிந்தால் போதும், நடுவில் எந்த சினிமாவுக்குப் போனேன் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுவார்.

பாகூர்ப் பக்கத்திலிருந்து எனக்குத் தகவல் அனுப்பியவள் சங்கீதா. அந்த ஊர்ப் பெண், ஆராய்ச்சி மாணவி. ஒரு வீட்டு ஆடுகளின் கழுத்தில் எல்லாம் ஒரு வார் கட்டியிருந்தாள். வாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. இன்னொரு கருவி பக்கத்தில் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளும். அவள் அனுப்பியதைக் கோடு போட்டுப் பார்த்தால், காலை முதல் மாலை வரை எல்லா ஆடும் எல்லா ஆட்டோடும் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட ஓரடி விலகவில்லை. இதை எங்கள் துறைக் கூட்டத்தில் காட்டினேன். கீழை நாட்டு ஆடுகளுக்குச் சமூக உணர்வு அதிகம் போலிருக்கிறது என்று ஒருவர் நெகிழ்ந்து பேசினார். கோயம்புத்தூரில் எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர்த் தொட்டி விஷயமாக மேல்மாடியும் கீழ்மாடியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அதற்குள் சங்கீதாவிடமிருந்து குரல் செய்தி. "மேடம், அம்பிகாக்கா தினம் கேக்குறாங்க. எந்த ஆட்ட விக்கலாம்னு சீக்கிரம் சொல்லுங்க."

அம்பிகா ஆடுகளின் சொந்தக்காரர். வார் கட்ட அவர் ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்தான் சம்மதித்திருந்தார். ஏரிக்கரையை ஒட்டி மனை பிரித்ததில் மேய்ச்சல் குறைந்துவிட்டது, கொட்டகையும் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் ஓர் ஆட்டைக் குறைத்தாக வேண்டும். போன வருடம் ஒன்றை விற்றபோது அதன் ஜோடி நாள் கணக்கில் தீனி எடுக்காமல் கத்தியதாம். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை என்றாராம். இந்த முறை, போனால் எந்த ஆடும் அழாத ஆடாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். வியாபாரி வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். என் வலையிலோ எல்லா ஆடும் எல்லோருக்கும் உயிர்த்தோழி. எதைச் சொல்வது? கிளம்பிவிட்டேன்.

*

புதுச்சேரியில் பாகூர் பஸ் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கி என் காதை நேராகப் பார்த்துப் பாடியது. கண்டக்டரிடம், "பாகூர் ஒண்ணு குடுங்க" என்றேன்.

"கோயம்புத்தூரா?"

"எப்படிங்க தெரிஞ்சது?"

"டிக்கெட் கேக்கசொல்லவே இவ்ளோ மரியாத குடுக்குறீங்களே" என்றவர், "ஏரிக்கர வந்தா எறங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

ஏரிக்கரை வந்தது. இறங்கினேன். அவித்த கடலைக்காய் விற்றுக்கொண்டிருந்தவரிடம் சங்கீதா சொன்ன தெருவைக் கேட்டேன். அவர் என்னையும் என் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது பாகூர் ஏரி இல்லமா. நீ வேற ஸ்டேட்ல எறங்கிட்ட. இது தமிழ்நாடு."

ஒரே ரோட்டில் ஒரே பஸ்ஸில் புதுச்சேரியை விட்டு வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி வெளியே போயிருக்கிறேன். ஜெர்மனி எல்லையைத் தாண்டினால்கூட ஒரு பலகை வைத்துச் சொல்கிறார்கள். இங்கே சாராயக்கடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அடுத்தடுத்து வந்தால் புதுச்சேரி. தவறுக்குப் பரிகாரமாக ஒரு பொட்டலம் கடலைக்காய் கேட்டேன். "மல்லாட்டையா?" என்று திருத்திவிட்டுக் கொடுத்தார். அதைத் தின்று முடிப்பதற்குள், ஃபோனில் விஷயம் தெரிந்து, சங்கீதா ஸ்கூட்டரில் வந்து என்னை மாநிலம் கடத்திக்கொண்டு போனாள்.

தங்கியது அரியாங்குப்பத்தில், சங்கீதாவின் அத்தை வீட்டு மாடியில். காலையில் அங்கிருந்து ஸ்கூட்டரில் கிளம்பும்போது ஊரே எங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஸ்கூட்டரில் டவுனுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஹெல்மெட் போடாதவர்கள் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போனார்கள். முழங்கை பத்திரமாக இருக்கும்.

*

மறுநாள் விடிந்ததும் அம்பிகா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். சங்கீதா எப்போதும் சாயங்காலம்தான் போவாளாம், காலையில் கல்லூரி. நாங்கள் போனபோது அம்பிகா ஆடுகளை ஓட்டத் தயாராக வாசலில் நின்றார். நாற்பதைத் தாண்டிய வயது, நைட்டிமேல் ஒரு துண்டு, கையில் தொரட்டி.

"இன்னா பாப்பா, காலங்காத்தால?" என்றார் சங்கீதாவிடம். "யாரு இது, வெளிநாட்டக்காவா? உள்ள வாக்கா."

நான் ஆடுகளைப் பார்த்தேன். எல்லாக் கழுத்தும் வெறுமையாக இருந்தன.

"அக்கா, வாரெல்லாம் எங்க?" என்றாள் சங்கீதா.

"உள்ள பத்திரமா இருக்குது."

உள்ளே போனோம். நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் அத்தனை வார்களும் ஒரே கொத்தாகத் தொங்கின. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒவ்வொரு கருவியிலும் காய்ந்து போயிருந்தன.

"காலேஜ் பொருளாச்சே" என்றார் அம்பிகா. "இதுங்க ஏரில எறங்கும், முள்ளுல பூரும். அறுந்து வுழுந்தா நான் இன்னா பதில் சொல்றது? காலையில அவுத்து மாட்டிடுவேன். சாயங்காலம் நீ வர்றதுக்கு முன்னால எல்லாத்துக்கும் கட்டி வுட்ருவேன். ஒரு வாரு காணாம போயிருக்கா, சொல்லு?"

சங்கீதா பாயில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லா பாத்துக்கிட்டிங்கக்கா" என்று மட்டும் சொன்னாள். டென்மார்க்கில் ஓர் அறை நிறைய ஆட்கள் நெகிழ்ந்துபோய்ப் பார்த்தது இந்த ஆணியைத்தான். எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அம்பிகாவுக்குச் சங்கடமாகிவிடுமே என்று முந்தின நாள் மிச்சத்திலிருந்து ஒரு பிடி மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டேன்.

விவரம் புரிந்ததும் அம்பிகா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அப்ப ஆடு நனையசொல்ல இதுவும் நனைஞ்சாத்தான் வேலையே நடக்குமா? மொதல்லியே சொல்லக் கூடாதா பாப்பா?"

சந்தனம் புகுந்த கருவிகளில் பாதிக்கு மேல் உயிர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் விடை வேண்டும். கண்ணால் பார்த்துக் குறிப்பது என்று முடிவு செய்தோம். இது எங்கள் தொழிலின் ஆதி முறை. ஒரு குடை, ஒரு தொப்பி, நிறையப் பொறுமை போதும். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன.

*

முதலில் ஆடுகளின் பெயரைப் பழகினேன். காக்கி நிறத்தில் இருப்பது போலீஸ். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பது டீச்சர். மூக்கின் மேல் ஒற்றைப் புள்ளி வைத்தது மூக்குத்தி. இப்படி ஒரு மந்தை. எல்லாம் பெட்டை. அதில் ஒன்று உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்துக்குக் கீழே மட்டும் வெள்ளைப் பட்டை. அதன் பெயர் வக்கீல். வாயும் அப்படித்தான். நின்றால் ஒரு வாதம், நடந்தால் ஒரு வாதம்.

குறிக்கும் முறையில் நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். நான் கைவைத்த ஆராய்ச்சிகளில் எல்லாம் அந்த விதிதான். மனிதர் பக்கத்தில் இருந்தால் மிருகம் இயல்பாக இருக்காது. ஆகவே மேய்ப்பவர் நாலைந்து அடிக்குள் நிற்கும்போது அந்த ஆட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும்.

"வக்கீலுக்கு மட்டும் நெறைய காலியா வருதே மேடம்" என்றாள் சங்கீதா முதல் நாள் மத்தியானமே.

"பரவாயில்லம்மா. காலியா இருக்கறத நிரப்பத்தான் நான் இருக்கறேன்" என்றேன். பெரிய பேச்சு.

டென்மார்க்கில் மதியச் சாப்பாடு பதினொன்றரைக்கு. குளிர்ந்த கறுப்பு ரொட்டியின் மேல் குளிர்ந்த எதையாவது வைத்து, ஒருவர் டப்பாவை ஒருவர் பார்க்காமல் சாப்பிடுவோம். இங்கே அம்பிகா முதலில் சங்கீதாவின் டப்பாவைத் திறந்து, "எலுமிச்ச சோறா? உங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார். பிறகு என்னுடையதைத் திறந்து, அத்தை வைத்த உப்புமாவைப் பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டார். அவருடைய தூக்குச் சட்டியில் தண்ணீர் ஊற்றிய சோறும், கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும். எனக்கும் ஒரு பங்கு வந்தது. அந்தக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு கறுப்பு ரொட்டியை நினைத்துப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசிப் பிடி சோற்றுக்கு வக்கீல் வந்து நின்றது. அம்பிகா கையை நீட்டினார். "என் பங்குல ஒரு கை வாங்காம போவாது இது. வக்கீல் ஃபீஸு" என்றார். சங்கீதா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

அன்று முழுக்க அம்பிகா பேசிக்கொண்டேதான் இருந்தார். எங்களிடம் அல்ல. "கேட்டியா வக்கீலு, அந்தாளு லீவு போட்டுட்டு வர்றேன்னான், வர்ல." அம்பிகாவின் வீட்டுக்காரர் முருகனுக்குப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் இரவுக் காவல் வேலை. "கொட்டாயி சரி பண்றேன்னான், பண்ல. நீயே சொல்லு, யார் மேல தப்பு?" வக்கீல் ஒரு குரல் கொடுக்கும். "அதான் நானும் சொல்றேன்" என்பார் அம்பிகா. சங்கீதாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். பார்த்துக் குறிப்பதில் இதெல்லாம் இடையூறு என்ற கணக்கில் வரும்.

இன்னோர் இடையூறு, வாய்க்கால். அதைத் தாண்டினால் தமிழ்நாடு. சங்கீதாவுக்கு ஆராய்ச்சி அனுமதி புதுச்சேரிக்கு மட்டும்தான். போலீஸ்தான் முதலில் எல்லை தாண்டும், அதன் பின்னாலேயே டீச்சர். அங்கே இரண்டும் நெற்றியோடு நெற்றி உரசிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, "இத எழுதலாமா கூடாதா மேடம்?" என்று கேட்டாள். சட்டம் படித்த ஒரே ஆடு அம்பிகாவின் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்கூட்டர் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே நாங்கள் என்ன வேலையாக அலைகிறோம் என்று கேட்டார். சங்கீதா சொன்னாள்.

"ஆட்டுக்கு ஃப்ரெண்டு யாருன்னு பாக்குறீங்க. அதுக்கு இவங்க ஃப்ளைட்டு புடிச்சி வந்துருக்காங்க."

"ஆமாண்ணா."

"என் தம்பி யாரோட சுத்துறான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. வூட்ல அதான் பெரிய ரோதன" என்றார். டியூபைத் தண்ணீருக்குள் மெதுவாகத் திருப்பினார். ஒரே ஒரு முள் குத்தியதற்கு எங்கெங்கோ குமிழி வந்தது.

*

சனிக்கிழமை சாயங்காலம் அம்பிகா வீட்டுக் கட்டிலில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். காலிக் கட்டங்களை எல்லாம் முந்தின இரவே சூத்திரம் போட்டு நிரப்பியிருந்தேன். ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு வட்டம். சேர்ந்து திரியும் ஆடுகளுக்கு நடுவில் கோடு.

"இது போலீஸ், இது டீச்சருங்க. பாருங்க, கோடு எவ்வளவு தடியா இருக்குது. இதுல ஒண்ண வித்தா இன்னொண்ணு ஊரக் கூட்டிரும்."

"அய்ய, அதுங்கள பிரிக்கவே கூடாது" என்றார் அம்பிகா. அவர் விரல் திரையின் மேல் ஒவ்வொரு வட்டமாகப் போய், ஓரத்தில் கோடே இல்லாமல் கிடந்த வட்டத்தில் நின்றது. "இது யாரு, தன்னந்தனியா?"

"வக்கீலுங்க."

அவர் விரலை எடுக்கவில்லை. "அது கொஞ்சம் தனி டைப்புதான்" என்றார். பிறகு, "இத வித்தா ஒண்ணும் கத்தாதா? நிச்சயமா சொல்றியாக்கா?"

"கத்தாதுங்க. நிச்சயமா."

"சரி" என்றார். எழுந்து போய் எங்களுக்குக் காபி போட்டார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரிலிருந்து ஜாபர் பாய் லோடு ஆட்டோவில் வந்தார். வாட்டசாட்டமான மனிதர். வக்கீலின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். அது அவரிடமே வாதாடியது. "நல்ல வாயாடி. திருக்கனூர்ல ஒருத்தரு வளக்கறதுக்குப் பெட்ட கேட்டாரு, அவருக்கு ஆவும்" என்றார். கறிக்கு இல்லை என்று தெரிந்ததும் எனக்கே மூச்சு வந்தது. வக்கீலை வண்டியில் தூக்கி நிறுத்தியபோது கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தியது. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் கத்தியது.

மந்தையில் ஓர் ஆடுகூடத் தலையை நிமிர்த்தவில்லை. போலீஸும் டீச்சரும் முருங்கைக் கிளையில் மும்முரமாக இருந்தன. சங்கீதா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பாதிக்குப் பாதி ஓட்டையான தகவலிலிருந்து இவ்வளவு துல்லியமான விடை எடுத்துவிட்டோம் என்று எனக்கும் தலைகால் புரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்பிகா வாசலில் இல்லை.

*

எனக்கு மறுநாள் ராத்திரி சென்னையில் விமானம். அன்று காலை மந்தையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஏரிக்கரைக்குப் போனோம். எல்லா ஆடும் நன்றாக மேய்ந்தன. ஒரு வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் சத்தத்தில் இருந்தது. கரையில் யாரும் பேசவில்லை. அம்பிகா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து, "வாக்கா" என்றார், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் சங்கீதாவின் டப்பாவை அவர் திறக்கவில்லை. தன்னுடைய தூக்கைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டார். ஒரு கை சோற்றை எடுத்துப் பக்கவாட்டில் நீட்டினார். நீட்டிய பிறகுதான் அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது போல. கையைத் தூக்கிலேயே உதறிவிட்டு மூடினார்.

"நேத்துலேர்ந்து இப்டிதான் இருக்காங்களாம்" என்று சங்கீதா என் காதருகில் சொன்னாள். "ராத்திரியும் சாப்டலன்னு முருகண்ணன் ஃபோன் பண்ணாரு."

அம்பிகா காதில் அது விழுந்துவிட்டது. "உன் கணக்கு கரெக்ட்டுக்கா" என்றார் என்னைப் பார்த்து. சிரிக்கத்தான் பார்த்தார். "ஒரு ஆடுகூட கத்தல. நான்தான் வாய வுட்டுக் கத்த முடியாம ஒக்காந்துகினு இருக்கேன். எனக்கும் ஒரு வாரு கட்டி வுட்டுருக்கணும் நீங்க."

நான் லேப்டாப்பைத் திறந்தேன். வக்கீலின் வரிசையை மட்டும் எடுத்துப் பார்த்தேன். எல்லா ஆட்டுக்கும் அங்கங்கே ஒரு காலிக் கட்டம் என்றால் இதற்கு மட்டும் வரிசை முழுக்கவே காலி. காலை காலி, மத்தியானம் காலி, சாயங்காலம் காலி. ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் அம்பிகா நின்றிருக்கிறார். அந்த ஆடு நாளெல்லாம் அவரை விட்டு நாலடி நகரவில்லை, ஆகவே என் விதிப்படி அது எங்குமே இல்லை. அந்த வெற்றிடத்தை எல்லாம் நான் சூத்திரம் போட்டுத் தனிமையால் நிரப்பியிருக்கிறேன். நிச்சயமாகச் சொல்கிறாயா என்று அந்தப் பெண் கேட்டபோது நிச்சயம் என்று வேறு சொல்லியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏரிக்கரைக் காற்றில் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்குக் காற்றே இல்லை.

"கிளம்புங்க, வில்லியனூர் போலாம்" என்றேன்.

"வித்த ஆட்ட போயித் திருப்பிக் கேட்டா ஊரே சிரிக்கும்க்கா."

"விக்கச் சொன்னது நான். நான் கேக்கறேன். என்னப் பாத்துச் சிரிக்கட்டும்."

பக்கத்து வீட்டுக்காரரிடம் மந்தையை ஒப்படைத்துவிட்டு மூவரும் ஓர் ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் அம்பிகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்நேரத்துக்குத் திருக்கனூர் அனுப்பியிருப்பாரா?" எங்களிடம் இதற்குச் சூத்திரம் இல்லை.

வில்லியனூரில் ஜாபர் பாய் வீட்டுத் தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. அம்பிகா ஆட்டோ நிற்பதற்குள் இறங்கிவிட்டார்.

நான் ஆட்டோவில் வந்தபடியே ஒரு பெரிய விளக்கம் தயார் செய்து வைத்திருந்தேன். தகவல் விடுபடுவதில் இரண்டு வகை உண்டு, தற்செயலாக விடுபடுவது, காரணத்தோடு விடுபடுவது என்று ஆரம்பித்தேன். ஜாபர் பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வாணாம்மா. ராத்திரி பூரா இங்க கோர்ட்டு நடந்துச்சு. வூட்ல ஒருத்தரு தூங்கல. திருக்கனூர்க்காரரு காலையில வந்து பாத்துட்டு, இது ஆடா ரேடியோவான்னு கேட்டுட்டுப் போய்ட்டாரு. நானே கொண்டாந்து வுடலாம்னுதான் இருந்தேன். பணத்த அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல புடிச்சிட்டுப் போங்க."

அவிழ்த்துவிட்டதும் வக்கீல் நேராக அம்பிகாவிடம் வந்தது. வந்த பிறகு கத்தவில்லை. துண்டைக் கடித்துக்கொண்டு நின்றது. அம்பிகா அதன் காதைப் பிடித்து, "இன்னாடி, ஒரு நாள்ல எளச்சிட்ட" என்றார். அப்புறம்தான் அழுதார். ஜாபர் பாய் வீட்டு வாசலில் நின்று, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், நன்றாக அழுதார். உள்ளேயிருந்து ஜாபர் பாயின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்பிகா பாதி குடித்தார், மீதியை வக்கீல் குடித்தது.

திரும்பி வரும்போது ஆட்டோக்காரர், "நாலாவது ஆளுக்கு எடமில்ல" என்றார். பிறகு அம்பிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். நாலாவது ஆள் என் மடியில் காலை வைத்துக்கொண்டு பாகூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தது. அம்பிகாவும் பேசினார். இருவரில் யார் சொல்வதையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் பேசிக்கொள்வது இப்படித்தான்.

வீட்டில் முருகன் சரிந்த கொட்டகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வக்கீலைப் பார்த்ததும் அவருக்கும் சந்தோஷம்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"மழ வந்தா இத எங்க கட்டுறது?" என்றார்.

"வூட்டுக்குள்ள."

"அப்ப நான்?"

"உனக்குத்தான் நைட்டு ட்யூட்டி இருக்குதே" என்றார் அம்பிகா.

கிளம்பும் நேரத்தில் சங்கீதா உயிரோடு இருந்த வார்களில் ஒன்றை வக்கீலுக்குக் கட்டினாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள். அம்பிகா அதைப் பிடுங்கி, "கைக்கா கழுத்துக்கா?" என்று கேட்டுவிட்டு, தானே மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "கேக்கறவங்களுக்கு வாட்சுன்னு சொல்லிக்கிறேன்."

*

டென்மார்க்கில் இலை எல்லாம் கொட்டி, மூன்றரை மணிக்கே இருட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் சங்கீதாவின் புதுத் தகவல் வந்தது. கறுப்பு ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு திறந்தேன். இந்த முறை ஒரு வட்டம் கூடுதல். அதற்குப் பெயராக 'அம்பிகா' என்று போட்டிருந்தாள். அங்கிருந்து வக்கீலுக்குப் போன கோடு, போலீஸ் டீச்சர் கோட்டை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

கடைசிப் பக்கங்களைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. இரண்டு கருவியும் பகல் முழுக்க, இரவு முழுக்க ஒன்றை விட்டு ஒன்று அசையவே இல்லை. ஓரடிகூட விலகல் இல்லை, ஓட்டை இல்லை. இப்படி ஒரு தகவலை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சங்கீதாவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"மறுபடியும் ஆணியில மாட்டிட்டாங்களா?"

பின்னால் தகரக் கூரையில் ஏதோ சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையும் மீறி ஓர் ஆடு வாதாடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லக்கா" என்றாள் சங்கீதா. "இங்க மழ."